இணையக் கடையின் சான்றிதழ் புதுசு, எச்சரிக்கை மட்டும் போகவில்லையா?

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை (https-க்கானது), அதைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளான செர்ட்பாட் ஒழுங்காக ரினியூ செய்திருக்கும். சர்வரில் கோப்பைப் பார்த்தால் புதுத் தேதி. கடையைத் திறக்கும் வாடிக்கையாளருக்கோ திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. தளத்தைப் பிரவுசருக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், தொடங்கும்போது படித்த பழைய சான்றிதழையே மெமரியில் வைத்திருப்பதுதான் காரணம். ரீலோடு செய்யாதவரை டிஸ்கில் இருக்கும் புதியதை அது எடுக்காது. செர்ட்பாட்டின் 'டிப்ளாய் ஹுக்'கில் (ரினியூ ஆனதும் தானாக ஓடுவது) ரீலோடு கட்டளையைப் போட்டுவிடுங்கள். 'ட்ரை ரன்' (ஒத்திகை) பார்க்கும்போது வழக்கமாக இந்த ஹுக் ஓடாது. அதனால் அந்தக் கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

காலண்டரில் குறித்து வைத்து ரினியூ செய்யும் பழக்கத்தை இப்போதே விடுவது நல்லது. 398 நாள் வரை இருந்த சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள். காலாவதி ஆகப்போகிறது என்று அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு, கண்ணில் படவே படாது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் 'ஃபுல்செயின்' கோப்புக்குப் பதில் 'செர்ட்' கோப்பைக் காட்டிவிடுவார்கள். அப்போது தளத்தின் சான்றிதழை பிரவுசர் நம்பும் வழங்குநரோடு சங்கிலிபோல் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் அனுப்பப்படாது. கணினியில் உள்ள குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்வதால் கடைக்காரருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பணம் வந்துவிட்டது என்று தெரிவிக்க வெப்ஹுக் (தானியங்கிச் செய்தி) அனுப்பும் பேமென்ட் கேட்வேயின் சர்வர் பெரும்பாலும் அப்படித் தேடாது, இணைப்பையே மறுத்துவிடும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடையில் ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கும். "பணம் போயிடுச்சு, ஆர்டரைக் காணோமே" என்று போன் வந்தால் கேட்வேயைத் திட்டும் முன் இதைப் பாருங்கள். சான்றிதழைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் 'எஸ் கிளையன்ட்' கட்டளையில் கடையின் 443 போர்ட்டைச் (https இணைப்பு வரும் வழி) சோதித்தால் கடைசியில் சரிபார்ப்பு எண் 0 வரவேண்டும். 21 வந்தால் பெரும்பாலும் சங்கிலி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டும் சான்றிதழில் இருக்கவேண்டும். ரீடைரக்ட் இருக்கிறதே என்று விடாதீர்கள். பிரவுசர் சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் ரீடைரக்டே நடக்கும்.

காசு கொடுத்து வாங்கினால் நம்பிக்கை கூடுமா என்று பலரும் கேட்கிறார்கள். குறியாக்கத்தின் பலம் இலவசத்திலும் அதேதான். சில கட்டணச் சான்றிதழ்களில் உள்ள நிறுவனப் பெயரை முகவரிப் பட்டியில் காட்டுவதைக் குரோம் 2019-லேயே நிறுத்தியது, 2023-ல் பூட்டுச் சின்னத்தையும் எடுத்துவிட்டது. போலிக் கடைக்கும் சான்றிதழ் கிடைக்கும், டொமைன் அவன் கையில் இருந்தால் போதும். அந்தப் பணத்தில் புகார்களைக் கவனிக்க ஓர் ஆளைப் போடுங்கள். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள் கேட்பதும் அதைத்தான்: நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் தளத்தில் தெளிவாக இருக்கவேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போகவேண்டும்.