ஏழாவது எழுத்தில்தான் சறுக்கல்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளை, அதாவது சிகிச்சைப் பதிவுகளைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீடு போடுவது எங்கள் வேலை. பிசியோதெரபி, பார்மசி, நர்சிங் படித்தவர்கள் நிறைய இருப்பதால் எலும்பின் பெயரில் யாரும் திணறுவதில்லை. வலதா இடதா, எலும்பின் கழுத்துப் பகுதியா தண்டுப் பகுதியா என்பதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். 2015 அக்டோபரில் அங்கே ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியல் நடைமுறைக்கு வந்தபோது எலும்பு முறிவுக் குறியீடுகளின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஏழாவது எழுத்துதான் ஆளைச் சறுக்கிவிடும்.

‘ஏ’ என்றால் முதல் வருகை என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது வருகைக் கணக்கே இல்லை. முறிவுக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை ‘ஏ’. அவசரப் பிரிவில் பார்த்தவருக்கும் பிறகு பிளேட் வைத்த அறுவை மருத்துவருக்கும் அதேதான். எலும்பு ஒழுங்காக ஆறுகிறதா என்று பார்க்க வரும்போது ‘டி’. ஆறத் தாமதமானால் ‘ஜி’, எலும்பு ஒட்டவே இல்லையென்றால் ‘கே’. ஒட்டாத எலும்புக்காக மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோனாலும் ‘கே’தான். பெரிய அறுவை ஆயிற்றே என்று அங்கே பழக்கதோஷத்தில் ‘ஏ’ போடுகிறவர்களை ஆடிட்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு குழப்பம் திறந்த முறிவு. மருத்துவர் சதையைக் கீறி எலும்பைச் சேர்த்தார் என்பதற்காக அது திறந்த முறிவாகிவிடாது. கத்தி படுவதற்கு முன்பே காயம் எலும்புவரை போயிருந்ததா என்பதுதான் கேள்வி. எதுவும் எழுதப்படவில்லையென்றால் மூடிய முறிவாகக் கொள்ள வேண்டும். ஆனால் எலும்பு இடம்பெயர்ந்ததா என்று எழுதாவிட்டால் பெயர்ந்ததாகவே கொள்ள வேண்டும். ஒரு விதி இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். ஏன் என்று பயிற்சி வகுப்பில் கேட்பவர்களிடம் சிரித்து மழுப்புவேன்.

எனக்கு மிகவும் உறுத்துவது குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டிகளின் சார்ட்டுகள். இடுப்பருகே தொடை எலும்பு முறிவு, உள்ளே கம்பி வைத்தாயிற்று. விழுந்தார் என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாக விபத்து முறிவுக்கான ‘எஸ்’ வரிசைக்குப் போகிறது. பழைய நோய்களின் பட்டியலில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கீழே, எலும்பு நலிந்துபோகும் நோயான எலும்புப்புரை என்று ஒரு வரி இருக்கும். அந்த மாதிரிச் சின்ன வீழ்ச்சியில் ஆரோக்கியமான எலும்பு முறியாது என்றால் அது எலும்புப்புரை முறிவுக்கான ‘எம்80’. விபத்து அல்ல, நோய். ‘எஸ்’ போட்டால் அவருடைய எலும்பு நலிந்திருப்பது அந்தக் குறியீட்டில் தெரியவே தெரியாது.

எலும்புப்புரை என்று மருத்துவர் எழுதாமல், வயதைப் பார்த்து நாமாக ஊகிக்கவும் கூடாது. மருத்துவரிடமே கேட்டு எழுத வேண்டும். அதிலும் விடையை வாயில் திணிக்காமல், ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதையும் ஒரு தேர்வாகக் கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை சார்ட் நிற்கும், காப்பீட்டுக் கிளைம் நிற்கும், மணிக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கு விழும். மேலாளர் காரணம் கேட்டால் அந்த எலும்புப்புரை வரியைத்தான் திரையில் காட்டுகிறேன். பெரும்பாலும் அதற்குமேல் கேட்பதில்லை.