முதல் மாத்திரைக்கு முன் ஒரு சர்க்கரைப் பரிசோதனை

மனநல மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: "இவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது மாத்திரையாலா டாக்டர், எங்கள் பரம்பரையாலா?" கேட்பவர் பெரும்பாலும் தாய்தான். தன் பங்கு இதில் எவ்வளவு என்று தேடும் தவிப்பு அந்தக் கேள்விக்குள் இருப்பதால், அதற்கு அவசரமாக விடை சொல்லக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மாத்திரைக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஓலான்சபின், குளோசபின் ஆகியவை பசியைத் தூண்டி எடையைக் கூட்டுவதோடு, இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையையும் குறைக்கின்றன. ஆனால் இவ்வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநோய்க்கான மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல். மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுதியதோ 1879இல். மருந்தே தொடங்காத, நோயின் முதல் கட்டத்தில் உள்ளவர்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகளும் அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு சராசரியாகக் கூடுதலாக இருப்பதையே காட்டின.

இதை அறிந்ததும் ஒரே மரபணு இரு நோய்களையும் தருகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். இளம் மருத்துவர்கள் சிலர் குடும்பத்தினரிடம் அப்படியே சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது. இரண்டாம் வகை நீரிழிவோடு 2006இல் தொடர்புபடுத்தப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணு, சில ஆய்வுகளில் மனச்சிதைவோடும் சேர்த்துப் பேசப்பட்டது உண்மைதான். எனினும் மனச்சிதைவோடு தொடர்புடைய மரபணுத்தொகுதிப் பகுதிகளாக 2022இல் வெளியான பெரும் ஆய்வு அடையாளம் கண்டவை 287. பொதுவாகக் காணப்படும் மாறுபாடுகள் ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. மரபணுத்தொகுதி முழுவதையும் ஒப்பிட்டால் இரு நோய்களுக்கும் பொதுவான மரபுப் பங்கு மிகக் குறைவாகவே தெரிகிறது. அதைவிட வியப்பானது, மனச்சிதைவுக்கு ஏதுவான மரபுக்கூறுகள் ஒட்டுமொத்தமாக உடல் எடைக் குறியீட்டைச் சற்றுக் குறைக்கும் பக்கமே சாய்கின்றன என்பது. ஆகவே சிகிச்சையின்போது ஏறும் எடையைப் பரம்பரையின் தலையில் கட்டிவிட முடியாது.

கருவறைக் காலத்துக்கும் இதில் இடம் உண்டு. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்துப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. கருவில் அந்தப் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்திருந்தது.

எனவேதான், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன். எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் 2004இலேயே கூட்டாக அறிவுறுத்தின. இருந்தும் பல கோப்புகளில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கக் காண்கிறேன். தொடக்க அளவு இல்லாவிட்டால், அந்தத் தாயின் கேள்விக்கு யாராலும் நேர்மையாக விடை சொல்ல இயலாது. குடும்பத்தில் நீரிழிவு உள்ளவருக்கு, நோயின் தன்மை இடம் தந்தால், எடையையும் சர்க்கரையையும் அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்திலிருந்து தொடங்குகிறேன். குளோசபின்தான் தேவை என்ற நிலையில் சர்க்கரைக்கு அஞ்சி அதைத் தராமல் இருப்பதும் சரியல்ல. அப்போது அடிக்கடிப் பரிசோதிப்பதும், தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்தைச் சேர்ப்பதுமே வழி.

இன்னொன்றையும் செவிலியர்களிடம் விடாமல் சொல்லி வருகிறேன். நோயாளி ஓயாமல் தண்ணீர் கேட்டால், அதை மனநோயின் இயல்பு என்று ஒதுக்காமல் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

உடன் வரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கையரிடமும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறேன். மனநல மாத்திரை எதையும் தொட்டிராத அவர்களில் சிலருக்குச் சர்க்கரை வரம்பைத் தாண்டியிருப்பது அப்போதுதான் தெரியவருகிறது.