கறுப்பு நட்சத்திரத்தின் நாள்

இன்று மார்ச் 6, கானாவின் சுதந்திர நாள். 1957இல், நள்ளிரவில், அக்ராவின் பழைய போலோ மைதானத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே என்க்ருமா பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்தார். ஆப்பிரிக்கா முழுவதும் விடுபடாமல் எங்கள் விடுதலைக்குப் பொருளில்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். எவ்வளவு பெரிய மனம்!

ஆண்டுதோறும் நடக்கும் அணிவகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள், சீருடையில் கைவீசி வரும் பள்ளிப் பிள்ளைகள். அந்த நடையில்தான் என்ன மிடுக்கு! கானாவின் கொடியில் சிவப்பு, பொன்மஞ்சள், பச்சை, நடுவே கறுப்பு நட்சத்திரம். அதை வடிவமைத்தவர் தியோடோசியா ஓகோ என்ற பெண்மணி.

இரண்டாம் உலகப் போரில், தங்களை ஆண்ட பிரிட்டனுக்காகப் பர்மா வரை சென்று போரிட்டவர்கள் கானா வீரர்கள். தங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்டு முன்னாள் வீரர்கள் 1948 பிப்ரவரி 28 அன்று ஊர்வலம் போனபோது மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொடி ஏறும்போது முதலில் அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.