அப்பா போட்ட பேஸ்மட்டம்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் மனையில் 2006-ல் அப்பா பேஸ்மட்டம் வரை கட்டி நிறுத்தியிருந்தார். கருங்கல் கடைக்கால், தரைக்கு மேல் இரண்டரை அடி. அதற்கு மேல் கையில் காசில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். 2023-ல் நான் வேலிக்கருவையை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தபோது, பார்த்தவர்களெல்லாம் "பேஸ்மட்டம் ரெடியா இருக்கே, பாதிச் செலவு மிச்சம்" என்றார்கள். வந்த கொத்தனாரும் நேரே சுவர் எழுப்பலாம் என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்களுடையது கரிசல். மழைக்கு உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். நாலு மூலையிலும் கல்லை ஒட்டிக் குழி தோண்டச் சொன்னார். கடைக்கால் மூன்றடியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழேயும் கரிசல்தான். ஆறரை அடியில்தான் சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவு, தட்டியது. வடகிழக்கு மூலையில் கல்லிடுக்கெல்லாம் கருவை வேர், சாந்து விரல் பட்டாலே உதிர்ந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தால் அந்த மூலை ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது.

"உங்கப்பா வெயில்ல நின்னு ஒவ்வொரு கல்லா பாத்து வச்சதுய்யா. அதப் போயி இடிக்கப் போறியா?" என்றாள் அம்மா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முழுக்க இடிக்க வேண்டாம் என்றார் இன்ஜினியர். தூண் வருகிற பன்னிரண்டு இடத்தில் மட்டும் கல்லைப் பிரித்து, சுக்கான் வரை குழி இறக்கி, தூணைத் தாங்குகிற கான்கிரீட் அடித்தளமான ஃபுட்டிங் போட்டோம். பேஸ்மட்டத்துக்கு மேல் தூண்களை இணைத்து பிளின்த் பீம் என்கிற கான்கிரீட் உத்திரம், அதன் மேல் சுவர். கரிசல் உப்பினால் பழைய கல் பீமைத் தூக்கிவிடக் கூடாதென்று இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத் தெர்மாகோல். எடையெல்லாம் தூண் வழியே சுக்கானுக்குப் போகிறது. அப்பாவின் கல் உள்ளே நிரப்பிய மண்ணை அணைத்து நிற்கிறது. அந்த மண்ணும் புதுசுதான். பழைய கரிசலை வாரிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். இதில் அவசரப்பட்டால் பிறகு டைல்ஸ் இறங்கும்.

கிழக்கே மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே அப்பா ஒன்றரை அடிதான் விட்டிருந்தார். இப்போதைய விதிக்கு அது போதாது. அந்தப் பக்கச் சுவரை உள்ளே தள்ளி வரைபடத்தை மறுபடி போட வேண்டியதாயிற்று. முதல் நாளே அளந்திருக்க வேண்டும்.

இரண்டு ஐப்பசி மழை பார்த்தாயிற்று, சுவரில் கீறல் இல்லை. பிரித்த கற்கள் காம்பவுண்டுக்குக் கடைக்காலாகிவிட்டன. ஒரு கல்லும் வெளியே போகக் கூடாதென்று அந்த வேலை முடிகிற வரை அம்மா வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.