கட்டிங் மாஸ்டரின் கையும் என் கணிப்பும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் உற்பத்தி மேலாளர். ஒரு நாள் சாயங்காலம் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) காட்டன் துணி, பின்னால் சுருங்காமலிருக்க முன்கூட்டியே நெருக்கிவிடும் காம்பாக்டிங் முடிந்து வந்தது. துணி எவ்வளவு சுருங்கும் என்று சோதித்த ரிப்போர்ட் சரியாக இருந்தது. தூத்துக்குடிக்குச் சரக்கு கிளம்ப ஒன்பதே நாள். ராத்திரியே வெட்ட ஆரம்பிக்கலாம் என்றேன்.

கட்டிங் மாஸ்டர் ரோலின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். "இன்னிக்கு வெட்ட வேண்டாமுங்க சார். இழுத்துச் சுத்தியிருக்காங்க, இது சுருங்கி இறங்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, ஒரு ரோலை மட்டும் மேசையில் தளர்வாகப் பிரித்துப் போட்டு, 100 செ.மீ. அளந்து குறி வைத்தோம். காலையில் அது 97 ஆகியிருந்தது. 70 செ.மீ. உயரமுள்ள டி-ஷர்ட்டில் 2 செ.மீ. குறைந்திருக்கும், மொத்த ஆர்டரும் திரும்பியிருக்கும். ரிப்போர்ட்டும் பொய்யில்லை. சாம்பிளை ரோலின் வெளி நுனியில் வெட்டியிருக்கிறார்கள், அங்கே துணி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது.

அதே நம்பிக்கையில்தான் நானும் ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன் என்று இருந்தேன். சரளமாகப் பேசினார் என்பதற்காக ஒரு மெர்ச்சண்டைசரை, அதாவது ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொள்ளும் ஆளை, பத்தே நிமிடத்தில் வேலைக்கு எடுத்தேன். நாலு மாதத்தில் இரண்டு ஆர்டருக்குத் துணிக் கணக்கு தப்பியது.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கானமன் உள்ளுணர்வின் பிழைகளை ஆராய்ந்தவர், கிளைன் தீயணைப்பு அதிகாரிகளின் சட்டென்ற முடிவுகளை அவர்களிடமே கேட்டு ஆராய்ந்தவர். வேலையில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிய வர வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். மாஸ்டருக்கு இருபது வருடமாகத் துணி மறுநாளே பதில் சொல்லிவிடுகிறது. எனக்கோ, வேண்டாமென்று அனுப்பியவர்கள் வேறு இடத்தில் எப்படி வேலை செய்தார்கள் என்று ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. எதை வைத்து என் கணிப்பு தேறியிருக்கும்?

இப்போது யார் வந்தாலும் ஒரு டெக் பேக் (உடையின் அளவும் விவரமும் உள்ள தாள்கள்) கொடுத்துத் துணிக் கணக்குப் போடச் சொல்கிறேன். பேச்செல்லாம் அப்புறம்தான்.

போன வாரம் முதல் தடவையாக, மரக்கூழ் இழையில் செய்யும் மோடல் துணி வந்தது. மாஸ்டர் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இது எனக்குப் பழக்கமில்லீங்க சார், அளந்தே பாத்துக்கலாம்" என்றார்.