டிரைவரில் ஓர் ஒதுக்கீட்டைக் குறைக்கப் பட்ட பாடு

லினக்ஸ் கர்னலின் சேமிப்பக டிரைவர் ஒன்றுக்கு நான் அனுப்பிய திருத்தம் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து இதில் இறங்க நினைப்பவர்களுக்காக, எங்கெங்கே காலம் வீணாகும் என்று எழுதிவைக்கிறேன்.

மாற்றம் சின்னதுதான். டிவைஸின் விவரங்களை வைக்கும் ஸ்ட்ரக்சருக்கு ஒரு நினைவக ஒதுக்கீடு, அதன் அணிக்கு (array) இன்னோர் ஒதுக்கீடு என்றிருந்தது. அணியை ஸ்ட்ரக்சரின் கடைசி உறுப்பாக்கி, மொத்த அளவை ஸ்ட்ரக்ட்_சைஸ் என்ற மேக்ரோ கொண்டு கணக்கிட்டால் ஒன்றே போதும்.

வில்லங்கம் விடுவிக்கும் இடத்தில் இருந்தது. டிவைஸைக் கர்னலில் பதியும் டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றால், பழைய நிரல் நினைவகத்தை நேரே கேஃப்ரீ கொண்டு விடுவித்தது. அது தவறு. அந்த அழைப்பு தோற்றாலும் டிவைஸ் மீதான பிடியை முறைப்படி விடும் புட்_டிவைஸ் வழியாகத்தான் விட வேண்டும். இல்லையென்றால் டிவைஸின் பெயருக்கு ஒதுக்கிய நினைவகம் கசியும். இரண்டையும் சேர்த்துத் திருத்தி அனுப்பினேன். "பிழைத் திருத்தம் வேறு, சுத்தப்படுத்தல் வேறு. பிரித்து அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார் பராமரிப்பாளர். எரிச்சல் வந்தது. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் உண்டு: பிழைத் திருத்தம் ஏற்கெனவே வெளிவந்த நிலையான (stable) பதிப்புகளுக்கும் போக வேண்டியது. அதை முதலாவதாக வையுங்கள். பிழை நுழைந்த கமிட்டின் (கிட்டில் பதிவான மாற்றத்தின்) அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளைத் திருத்தக் குறிப்பின் ஃபிக்ஸஸ் வரியில் குறிப்பிடுங்கள்.

"டெவ்எம் போட்டால் கேஃப்ரீயே தேவையில்லையே தம்பி" என்றார் கொக்குவில் அண்ணா ஒருவர். டெவ்எம் என்பது நினைவகத்தைக் கர்னலே தானாக விடுவிக்கும் முறை. நான் உடன்படவில்லை. டெவ்எம் நினைவகம் டிரைவர் கழன்றதும் போய்விடும். அந்த நேரத்தில் யாராவது டிவைஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், விடுவித்த இடத்தையே தொட நேரும்.

என்னை அதிகம் வதைத்தது மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சல் செயலி டேப்களை எல்லாம் வெற்றிடங்களாக மாற்றி அனுப்ப, திருத்தம் மறுமுனையில் பொருந்தவே இல்லை. திருத்தத்தை அப்படியே அஞ்சலில் அனுப்பும் கிட் செண்ட்-ஈமெயில் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, அஞ்சலில் வந்த திருத்தத்தைப் பொருத்தும் கிட் ஏஎம் கொடுத்துப் பாருங்கள்.

சோதனைக்கு, நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் கேஏசானை இயக்கி, முழுக் கர்னலையும் ஒரே தடவை தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த டிரைவரின் மாட்யூலை மட்டும் தொகுத்தால் போதும். பழைய மடிக்கணினியில் முழுத் தொகுப்பு ஓடும்போது மின்சாரம் போனால் வயிறு எரியும். ஒதுக்கீடு தோற்கும் பாதையை ஃபெயில்ஸ்லாப் என்ற கர்னல் சோதனை வசதி கொண்டு வலிந்து தோற்கவைத்துப் பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் அந்த வரிகள் இயங்கவே மாட்டா.

இரண்டு திருத்தங்களும் இப்போது பராமரிப்பாளரின் கிளையில் இருக்கின்றன. சேர்த்த வரிகளை விட நீக்கிய வரிகள் அதிகம். பிழை வந்தால் தாவிச் செல்ல வைத்திருந்த ஒரு கோட்டோ லேபிளும் ஒழிந்தது.