கரை சேர்த்தவருக்கு

2017 நவம்பர் 29, புதன்

மாலையிலிருந்து எங்கள் குமரிக் கரையில் காற்று நிலைகொள்ளாமல் வீசுகிறது. கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக்காலம் பிறப்பதற்குள், நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவதாக என் கணவர் கொச்சியிலிருந்து புறப்படும்போது சொன்னார்.

நவம்பர் 30, வியாழன்

புனித அந்திரேயாவின் திருநாள். மீனவராகப் பிறந்து ஆண்டவரைப் பின்தொடர்ந்தவரின் நாளில், காலைத் திருப்பலிக்குப் போகக் கதவைத் திறக்க முடியவில்லை. தென்னைகள் முறிந்து விழும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது, மின்கம்பங்கள் சாய்ந்தன, பின்கட்டின் ஓடுகளில் பாதி பறந்துவிட்டன. உள்நாட்டில் ரப்பர் தோட்டங்களும் வாழைகளும் அடியோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள். புயல் என்னும் அறிவிப்பு எங்கள் செவிக்கு எட்டியபோது புயல் எங்கள் கூரையின்மேல் நின்றுகொண்டிருந்தது. கரையில் இருந்த எங்களுக்கே அப்படியென்றால், ஒயர்லெஸ் எட்டாத ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு கிடப்பவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கணவரின் தாயான மாமி முழந்தாளிலிருந்து எழவே இல்லை. மகளும் நானும் அவரோடு சேர்ந்து செபமாலையை முடித்தோம், மீண்டும் தொடங்கினோம்.

டிசம்பர் 1, வெள்ளி

செய்தி இல்லை.

டிசம்பர் 2, சனி

கோவில் வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்காக ஊரே அங்கே நிற்கிறது. மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகளும் 952 பேரும் பத்திரமாக ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அவற்றுள் கேரளப் படகுகள் 66, தமிழ்நாட்டுப் படகுகள் இரண்டே என்று கேட்டதும் சிலர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கொச்சியில் கரையேற்றும் நம்மவர் படகுகள் பலவும் கேரளப் பதிவெண் கொண்டவைதாமே என்று பங்குத்தந்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்ன பிறகே கூட்டம் சற்று அடங்கியது. பெயர்ப்பட்டியல் எதுவும் வரவில்லை. ஒக்கி என்று பெயரிட்ட அந்தப் புயல் இப்போது லட்சத்தீவுகளின் மேல் இருக்கிறதாம். நான் அந்த 952 பேருக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர்களுள் ஒருவராக அவர் இருக்கக்கூடும் என்பதற்காக மட்டும் சொன்ன நன்றி அது அன்று என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. கோட்டாற்றில் புனித சவேரியாருக்குத் திருவிழா நிறைவு நாளும் இன்றுதான். ஆண்டுதோறும் தவறாமல் போகிற எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. திருப்பலியின் முதல் வாசகத்தில் எசாயா, வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரோ என்று ஆண்டவரைக் கேட்கிறார். வானம் பிளந்ததை மூன்று நாட்களுக்கு முன் பார்த்த நாங்கள் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நற்செய்தியோ விழித்திருங்கள் என்கிறது: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும் வேளையில் வருவாரோ, காலையில் வருவாரோ தெரியாது. எதிர்வீட்டு மயினி அந்த இடத்தில் வாய்விட்டு அழுதார். அவருடைய கணவரும் மூத்த மகனும் ஒரே படகில் போயிருக்கிறார்கள். இந்த வாசகத்தை நான் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் வீட்டுத் தலைவர் என்னும் சொல்லை எங்கள் கரையின் பெண்கள் எவரை நினைத்துக் கேட்பார்கள் என்பதை இன்றுதான் கண்டேன்.

மின்சாரம் இல்லை. முழுநிலவு கடலின்மேல் நிற்கிறது. அதே நிலவு அவருக்கும் தெரிந்தால் போதும், ஆண்டவரே.

டிசம்பர் 4, திங்கள்

இரவு முழுவதும் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். பல நாட்கள் கதிரவனும் தென்படவில்லை, விண்மீன்களும் தென்படவில்லை, தப்பிப் பிழைப்போம் என்னும் நம்பிக்கையும் அற்றுப்போயிற்று என்று கடலில் கிடந்தவரே சொல்வது போல அது எழுதப்பட்டிருக்கிறது. பதினான்காம் நாள் விடியும் வேளையில் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்கிறார். அப்போது கப்பல் உடையவில்லை. கரை எது என்றும் அவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகே கப்பல் தரைதட்டிப் பின்பகுதி சிதறுகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் 276 பேரும் மால்தாவில் கரையேறுகிறார்கள். மீட்கப்பட்ட பிறகு நன்றி சொல்வது எளிது என்று நினைத்திருந்தேன். மீட்கப்படுவதற்கு முன் அப்பத்தைப் பிட்டு நன்றி சொல்ல ஒருவரால் எப்படி முடிந்தது? உண்ண மறுத்த மனிதர்களை உண்ணச் செய்வதற்காகவே அவர் அப்படிச் செய்தார் என்று தோன்றுகிறது. மாமி வியாழக்கிழமையிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காலையில் கஞ்சி வைத்து, அவர் முன்னால் அமர்ந்து, உரத்த குரலில் உம்மைத் துதித்து, முதல் கரண்டியை நான் குடித்தேன். மாமி என்னைக் கடுமையாகப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 5, செவ்வாய்

புயல் குசராத்துப் பக்கம் போய் வலுவிழந்துவிட்டதாம். கடல் அடங்கிவிட்டால் இனி ஏன் செய்தி வரவில்லை?

டிசம்பர் 6, புதன்

உயிரோடு இருக்கிறார்.

லட்சத்தீவுகளின் கல்பேனித் தீவிலிருந்து, யாரோ ஒருவருடைய தொலைபேசியில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பேசினார். தொடர்புகள் அறுந்து கிடந்ததால் இத்தனை நாட்கள் அழைக்க முடியவில்லையாம். படகு சேதம், ஆட்கள் அனைவரும் இருக்கிறார்கள், தீவு மக்கள் சோறும் உடுப்பும் தந்தார்கள் என்று சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, பேச வரவில்லை. மகள் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று மட்டும் கூப்பிட்டாள்.

ஆண்டவரே, உம்மைப் போற்றுகிறேன். ஆழத்திலிருந்து தூக்கிவிட்டீர். என் வீட்டுக் கதவை இருட்டு அடைக்காமல் பார்த்துக்கொண்டீர். எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் எங்கள் கூக்குரலைக் கேட்டு மயினி தெருவைக் கடந்து ஓடி வந்து, எங்கள் ஆட்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

டிசம்பர் 7, வியாழன்

குழித்துறைக்குப் போனோம். ஊர் ஊராகத் திரண்டு வந்த மக்கள் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் அமர்ந்தார்கள், ரயில்கள் நின்றன. கரையோரத்தைச் சுற்றித் தேடினால் போதாது, நீரோட்டம் இழுத்துச் சென்ற ஆழ்கடலுக்குப் போய்த் தேடுங்கள் என்பதே எல்லாருடைய வேண்டுகோளும். உன் ஆள்தான் கிடைத்துவிட்டாரே, நீ ஏன் வெயிலில் கிடக்கிறாய் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். அன்பாகவே கேட்டார். கிடைத்துவிட்டார் என்பதற்காகவே வந்தேன் என்றேன். அவருக்கு அது விளங்கியது என்று நினைக்கிறேன். என் மகிழ்ச்சியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பது கடவுளுக்குச் செய்யும் குறை என்று ஒரு கணம் தோன்றுகிறது. அதை வெளியே காட்டுவது மயினிக்குச் செய்யும் கொடுமை என்று மறுகணம் தோன்றுகிறது.

டிசம்பர் 8, வெள்ளி

அமல உற்பவ அன்னையின் பெருவிழாவுக்குக் கொட்டு இல்லை, வெடி இல்லை, திருப்பலி மட்டுமே.

டிசம்பர் 10, ஞாயிறு

வந்துவிட்டார். உதடுகள் வெடித்திருக்கின்றன, உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கிறது. நேராக வீட்டுக்கு வராமல் முதலில் சிலுவை நிற்கும் குருசடிக்குப் போய் மண்ணில் நெற்றியை வைத்துக் கிடந்தார். இன்றைய வாசகம், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள் என்பது.

டிசம்பர் 11, திங்கள்

இரவு அவராகவே சொன்னார். தூண்டிலின் கயிற்றை அறுத்துவிட்டு, கயிறுகளால் தங்களை இழுத்துக் கட்டிக்கொண்டார்களாம். இஞ்சின் அறைக்குள் புகுந்த நீரை முறைவைத்து இறைத்திருக்கிறார்கள். படகை ஓட்டும் ஸ்ராங்கு அதன் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி வைப்பதிலேயே இரவைக் கழித்தார். காற்றின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காததால், செபமாலையை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கத்திச் சொன்னார்கள். மறுநாள் கவிழ்ந்த படகொன்றின் அடிப்புறத்தில் மனிதர்கள் பற்றிக்கொண்டு கிடப்பதைக் கண்டார்கள். நெருங்க முயன்றார்கள், அலை இரு படகுகளையும் மோதவிட்டுவிடும் நிலையில் இருந்ததால் விலகி, சுற்றி வந்து மீண்டும் பார்த்தபோது அங்கே படகு மட்டுமே இருந்தது.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அந்தப் படகின் நிறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 13, புதன்

தாவீதின் பெயரால் வழங்குவன, பிறர் பெயரால் வழங்குவன என்று துதிப்பாடல்கள் எத்தனையோ இருந்தும் எங்கள் கரைக்கென்றே பாடப்பட்டது 107-ஆம் திருப்பாடல் என்று எங்கள் பாட்டி சொல்வார். பாலையில் வழிதவறியவர்கள், விலங்கிடப்பட்டவர்கள், நோயுற்றவர்கள், கடலில் சென்றவர்கள் என நான்கு கூட்டத்தார் அதில் வருகிறார்கள். நான்கு கூட்டத்தாரும் நெருக்கடியில் கூவி அழைக்கிறார்கள், நால்வகையினரையும் அவர் விடுவிக்கிறார், ஆண்டவரின் பேரன்புக்காக அவர்கள் நன்றி சொல்லட்டும் என்னும் அடி நான்கு முறையும் திரும்பி வருகிறது. கடலோடிகளின் பகுதியில் அலைகள் வானளவு எழும்புகின்றன, ஆழத்துக்கு இறங்குகின்றன. அவர்கள் குடிவெறியரைப் போலத் தள்ளாடுகிறார்கள், அவர்களுடைய திறமையெல்லாம் பயனற்றுப்போகிறது. என் கணவர் நேற்று முன்தினம் சொன்னதை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கிறது. பிறகு புயல் அடங்குகிறது, அவர்கள் விரும்பிய துறைமுகத்துக்கு ஆண்டவர் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

எல்லாரும் சேர்கிறார்கள். பாட்டில் ஒருவர்கூடக் கடலில் தங்கிவிடவில்லை. மயினியின் மகன் கூவி அழைக்கவில்லையா? சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் நீரோடியிலும் இன்று வரை வாசலில் அமர்ந்திருப்பவர்களின் பிள்ளைகள் அழைக்கவில்லையா? எங்கள் வேண்டுதல் உரக்க ஒலித்ததால் அவர் பிழைத்தார் என்று உறவினர் ஒருவர் வந்து சொன்னபோது என் உடம்பு கூசியது. அதை நான் ஏற்கமாட்டேன். அவர் பிழைத்தது கொடை. எங்கள் செபத்துக்குக் கிடைத்த கூலி அன்று. கூலி என்று சொன்னால் எதிர்வீட்டில் உழைக்கவில்லை என்று ஆகிவிடும். 88-ஆம் திருப்பாடல் ஒரு துதிச்சொல்லும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் அதே நூலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கையால் புரட்டுகிறேன்.

டிசம்பர் 14, வியாழன்

மாமி நன்றித் திருப்பலிக்குக் கருத்து, அதாவது எதற்காக ஒப்புக்கொடுப்பது என்பதை, கொடுக்கச் சொல்கிறார். தள்ளிப்போடுகிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மகிழ்ச்சி ஞாயிறு. எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள், எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வாசக மேடையிலிருந்து பார்த்தால் முதல் வரிசைகளில் காணாமற்போனவர்களின் வீட்டார் இருந்தார்கள். குரல் நடுங்காமல் வாசித்து முடித்தேன். வாசிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன்: எல்லாச் சூழ்நிலையிலும் என்று இருக்கிறது, எல்லாச் சூழ்நிலைக்காகவும் என்று இல்லை. புயலுக்காக நன்றி சொல்லும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை. என்னால் மூச்சு விட முடிந்தது.

டிசம்பர் 18, திங்கள்

கருத்துக் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அவர் உயிருடன் மீண்டதற்காக நன்றித் திருப்பலி என்று எழுதச் சொல்லிவிட்டு, தெருவில் இன்னும் திரும்பாதவர்களின் பெயர்களையும் அதே திருப்பலியில் சேர்க்க வேண்டும் என்றேன். பதிவேட்டில் உயிரோடிருப்போர், இறந்தோர் என்று இரண்டே பகுதிகள் இருக்கின்றன. அவர்களை எதில் எழுதுவது? மயினியிடம் கேட்டேன். இறந்தோர் பகுதியில் எழுதினால் உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். கிடைத்த உடல்கள் எவருடையவை என்று அறிய மரபணுச் சோதனைக்கு அவரிடமும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். காணாமற்போனவரை இறந்தவர் எனக் கொள்வதற்கு வழக்கமான சட்டப்படி 7 ஆண்டுகள் ஆகும் என்று வேறு யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். திரும்பவும் போய்ப் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு பகுதிகளிலும் எழுதாமல், பக்கத்தின் மேல் ஓரத்தில் கடலில் இருப்போர் என்று புதிதாகத் தலைப்பிட்டு, ஒவ்வொரு பெயராக எழுதினார்.

டிசம்பர் 19, செவ்வாய்

பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்தார். மயினி போகவில்லை, கடற்கரைக்குப் போனார்.

டிசம்பர் 21, வியாழன்

திருப்பலி நிறைவேறியது. நன்றிப் பாடல் வேண்டாம் என்று பாடகர் குழுவிடம் சொல்ல நினைத்திருந்தேன், மாமி சம்மதிக்கவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன் என்றார். பாடினோம். கடலில் இருப்போரின் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது கோவிலில் இருந்த அனைவரும் எழுந்து நின்றார்கள். என் கணவர் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை, இறுதி ஆசீர் வரை நின்றார். மயினி பாடவில்லை. நற்கருணை வாங்கினார்.

முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார். தன் மகனுக்கு என் மகள் வரைந்து கொடுத்த பழைய படமொன்றைப் பற்றிப் பேசினார்.

டிசம்பர் 24, ஞாயிறு

தெருவில் விண்மீன்கள் கட்டவில்லை. பிள்ளைகளுக்காகக் கோவிலில் குடில் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் தேடிப் போகும் படகில் தானும் ஏறப்போவதாக அவர் சொல்லிவிட்டார். கைப்புண் ஆறவில்லை. அந்தக் கவிழ்ந்த படகைக் கண்ட திசையும் அப்போதைய நீரோட்டமும் தனக்கும் ஸ்ராங்குக்கும்தான் தெரியும் என்கிறார். மாமி மறுத்துப் பேசவில்லை. நான் பேசினேன். பிறகு உள்ளே போய் அவருடைய மழைச்சட்டையைத் தேடி எடுத்து, கிழிந்த தோள்பட்டையைத் தைத்தேன்.

ஆண்டவரே, ஒருமுறை காத்தீர் என்பதற்காக மறுமுறையும் காக்க வேண்டியவர் என்று உம்மீது உரிமை கொண்டாட எனக்குத் தகுதியில்லை, ஆயினும் கேட்கிறேன். காத்ததற்காக இன்றும் நாளையும், நீர் எனக்குக் குரல் தந்திருக்கும் வரையிலும், கூட்டத்தின் நடுவில் நின்று உம்மைப் புகழ்வேன். அந்தக் கூட்டத்தில் மயினியின் பக்கத்தில்தான் நிற்பேன். நள்ளிரவுத் திருப்பலிக்கு முதல் மணி அடித்துவிட்டது. மகளுக்குத் தலை பின்ன வேண்டும்.